பிருட்டநிலைச் சிசுவும் பேற்று வழிகளும்

பேற்றுக்காலம் நெருங்குங்கால், கருவிலுள்ள சிசு தலைகீழாகத் திரும்பி நிற்றலே இயல்பு. நிறைமாதத்தில் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு சிசுக்கள் அவ்வாறு திரும்பாது, பிருட்டமோ காலோ கீழ்நோக்க இருப்பன. இதனைப் பிருட்டநிலை என்பர். உடலிற் பருத்த உறுப்பாகிய தலை இறுதியில் வெளிப்படுதலின், அது தடைப்படலாம், கொப்பூழ்க்கொடியும் நெரிபடலாம். இடர் இதுவே.

இந்நிலையில் தாய்க்குரிய வழிகள் மூன்று. முதலாவது, 37ஆம் வாரமளவில் வைத்தியர் வயிற்றின்மீது கைகளால் அழுத்திச் சிசுவைத் திருப்புதல். ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இது பயனளிக்கும். இரண்டாவது, திட்டமிட்ட சிசேரியன் சத்திரசிகிச்சை. மூன்றாவது, தேர்ச்சி பெற்றோர் துணையுடன் இயல்புவழிப் பேறு.

26 நாடுகளில் 2,088 தாய்மாரிடத்து நிகழ்ந்த ஓர் ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சிசு மரணமும் கடுந்தீங்கும் திட்டமிட்ட சத்திரசிகிச்சையில் 1.6 வீதம்; இயல்புவழியில் 5 வீதம். அதன்பின் பல நாடுகளிற் சத்திரசிகிச்சையே வழக்காயிற்று. எனினும், அப்பிள்ளைகளுள் ஒரு பகுதியினரை ஈராண்டு வயதில் நோக்கி 2004இல் வெளியான தொடராய்வு, மரணத்திலோ மூளை வளர்ச்சிக் குறைவிலோ இரு சாராரிடையே வேறுபாடு காணவில்லை. சத்திரசிகிச்சையோ கருப்பையில் தழும்பை விடுத்து, அடுத்த கருவுக்கும் இடர் தரக்கூடியது.

இதனிடையே, பிருட்டவழிப் பேறு பார்க்கும் கைத்திறன் அருகி வருகின்றது. சத்திரசிகிச்சைக்கு அவகாசமின்றியே பிறக்கும் பிள்ளைகளும் உளர். ஆதலின் அத்திறனை இளவைத்தியர்க்கும் மருத்துவிச்சியர்க்கும் கற்பித்தல் வேண்டும். கற்றோர் இல்வழி, தாய்க்கு மூன்று வழிகள் உண்டென்பது வெறுஞ்சொல்லேயாம்.