மலிவு விதை மலிவானதா?

வீட்டுத்தோட்டத்திற்கு விதை வாங்குங் கமக்காரர் முதலில் விலையையே கேட்கின்றனர்; முளைதிறனைக் கேட்பவர் சிலரே. 100 மிளகாய் விதைகளை 50 ரூபாவுக்கு வாங்கி 40 முளைத்தால் நாற்றொன்றின் விலை 1 ரூபா 25 சதம். 100 ரூபாவுக்கு வாங்கியவற்றுள் 85 முளைத்தால் ஏறக்குறைய 1 ரூபா 18 சதமே. அரை விலைக்கு வாங்கியவரே கூடுதலாகச் செலவிட்டவராவார். பருவம் பிந்துவது வேறு.

ஆகையால், மேடையிலிடுமுன் 20 விதைகளை ஈரத்துணியிற் சுருட்டி வைத்து, முளைத்தவற்றை எண்ணுதல் வேண்டும். அவற்றை நடலாமாதலால் நட்டமில்லை. பயிற்றை நான்கைந்து நாளில் முளைக்கும். மிளகாய்க்கு இரு வாரம் பொறுத்தல் வேண்டும். பலர் ஒரு வாரத்திலேயே வீசிவிடுகின்றனர்.

மிகக் குறைந்த செலவிற் கிடைப்பது சொந்த விதையே. எம்.ஐ. 2 மிளகாய் போன்ற, கலப்பினமல்லாத இனங்களில், இலைச்சுருளற்ற செடிகளை முன்னரே அடையாளமிட்டு, அவற்றின் பழங்களைத் தனியே பறித்து விதையெடுக்குக. நன்கு உலர்த்திக் காற்றுப் புகாத போத்தலில் அடைத்தால் அடுத்த பெரும்போகத்திற்கு உதவும். கலப்பினப் பயிரில் விதையெடுத்தல் வீண்; அதன் வழிச்செடிகள் தாய்ச்செடியை ஒத்திரா. அயலவர் தரும் விதையையும் எவ்வினச் செடியில் எடுத்ததென்று விசாரித்தே பெறுக.

நாற்றாக வாங்குவோர், மேடையிலேயே முற்றிப் பூத்த கத்தரி நாற்றை மலிவென்று எடுக்கலாகாது.