பனிச்சரிவில் உயிரைப் பறிப்பது குளிரா?

திருச்சுழியிலிருந்து மூட்டுவலித் தைலம் வாங்க வந்த ஓர் அம்மா, கிளம்பும்போது தயங்கி நின்றார். "வைத்தியரய்யா, மகன் பெங்களூர்ல வேலை பாக்குறான். கூட்டாளிகளோட இமயமலையில நடக்கப் போறானாம். கேதார்காந்தாவாம், ஒரே பனியாம்ல. குளிர் தாங்க ஏதாச்சும் சூரணம் கட்டிக் குடுங்க" என்றார்.

திரிகடுகு கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அவரை உட்காரச் சொல்லி வேறொரு விஷயம் பேசினேன். இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் டிசம்பர், ஜனவரியில் அங்கே போகிறார்கள். அதனால் உங்களுக்கும் சொல்கிறேன்.

அருப்புக்கோட்டைப் பக்கம் பனி என்றால், மார்கழியில் கண்மாய்க்கரைப் புல்லில் நிற்கும் ஈரம்தான். மிஞ்சிப்போனால் ஒரு சளி. அதனால் 'பனிச்சரிவு' என்று பேப்பரில் படித்தாலும் பஞ்சுப்பொதி சரிவதாக நினைத்துக்கொள்கிறோம். (நீலகிரியில் அவலாஞ்சி என்றொரு இடம் உண்டே, அது மண்சரிவால் வந்த பெயர். பனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

புதிதாக விழும் பனி பஞ்சுதான். சரிந்து வந்து நின்றதும் சிமென்ட் போல இறுகிவிடும். ஒரு கன மீட்டர் 300, 400 கிலோ கனக்கும். உள்ளே மாட்டியவர் விரலைக்கூட அசைக்க முடியாது. பாறையில் மோதி இறப்பவர்கள் சிலர். பெரும்பாலோருக்கு மூச்சு முட்டித்தான் உயிர் போகிறது. விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறார்கள். முகத்தைச் சுற்றிய பனி மூச்சுச் சூட்டில் உருகி, மறுபடி உறைந்து, கண்ணாடி போல அடைத்துக்கொள்கிறது. குளிர் கொல்வதற்கு நேரமே கிடைப்பதில்லை.

ஆல்ப்ஸ் மலை நாடுகளில் எடுத்த கணக்கு இது: 10 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்துப் பேரில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி ஆகிவிட்டால் மூன்று பேர்தான். ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருந்தால் என்ன ஆகும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,000 அடிக்கும் மேலே மெட்ராஸ் ரெஜிமென்ட் முகாம் புதைந்தது நினைவிருக்கும். மாட்டியவர்கள் பத்துப் பேர். நான்கு பேர் நம் தமிழ்நாடு, அதில் ஒருவர் பக்கத்து மதுரை மாவட்டம். ஆறாம் நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை மட்டும் உயிரோடு எடுத்தார்கள். சுமார் 25 அடிக்குக் கீழே அவருக்குக் கொஞ்சம் காற்று இடம் கிடைத்திருந்தது. பிப்ரவரி 11-ல் டெல்லி ராணுவ ஆஸ்பத்திரியில் அவரும் இறந்தார். 2025 பிப்ரவரி 28-ல் பத்ரிநாத் அருகே மானாவில் 54 சாலைப் பணியாளர்கள் மாட்டினார்கள். 46 பேர் பிழைத்தார்கள். பலர் இரும்புக் கன்டெய்னருக்குள் இருந்ததால் மூச்சுவிட இடம் இருந்தது.

சரி, பனி ஏன் சரிகிறது? சாய்த்த பலகையில் சீனியைத் தூவி, மேலே கனத்த தட்டு ஒன்றை வைத்துப் பாருங்கள். லேசாகத் தொட்டாலே வழுக்கும். மலையிலும் அடியில் பழைய பனி சீனிபோல உதிரியாகிக் கிடக்கும், மேலே புதுப்பனி பாளமாக உட்கார்ந்திருக்கும். நடக்கிறவரின் எடையே போதும். வீட்டு மாடிப்படி அளவுக்குச் சாய்ந்த சரிவும், அதைவிடச் சற்றுச் செங்குத்தானதும்தான் மோசம். பெரும்பனி பெய்த முதல் இரண்டு நாள், பலத்த காற்றுக்குப் பின், திடீரென வெயில் ஏறும் மத்தியானம், இவையெல்லாம் கெட்ட நேரம். காலடியில் 'தொம்' என்று அமுங்கும் சத்தமோ விரிசலோ தெரிந்தால், வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.

மகனிடம் கேட்கச் சொன்னது இதுதான்: டி.ஜி.ஆர்.இ. என்ற ராணுவ ஆய்வு நிறுவனம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையை வழிகாட்டி தினமும் பார்க்கிறாரா? சிக்னல் கருவி, துழாவும் நீளக் கம்பி, மண்வாரி, இந்த மூன்றும் ஆளுக்கொன்று உண்டா? ஆபத்தான சரிவை ஒவ்வொருவராகக் கடப்பார்களா? "அதெல்லாம் எதுக்கு ஆன்ட்டி" என்று சொல்கிற கம்பெனியாக இருந்தால் முன்பணம் போனாலும் பரவாயில்லை என்பேன்.

மாட்டிக்கொண்டால் கத்திவிட்டு, ஓரமாக ஒதுங்கப் பார்க்க வேண்டும். பனி நிற்கப்போகும் நேரத்தில் கைகளை முகத்துக்கு முன் வைத்துக் காற்றுக்கு இடம் பண்ணிக்கொள்ள வேண்டும். கூட வந்தவர்கள் கடைசியாக ஆளைக் கண்ட இடத்திலிருந்து கீழ்நோக்கி உடனே தேட வேண்டும். முகத்தை முதலில் விடுவித்து, வாய்க்குள் பனியை எடுத்து, மூச்சில்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, மார்பை அழுத்த வேண்டும். நாடி தெரியவில்லை என்று கைவிடாதீர்கள். குளிர்ந்த உடம்பில் அது எனக்கே அகப்படாது.

பிராந்தி கூடவே கூடாது. சுக்கு காபியும் நினைவு தெளிந்தவருக்கு மட்டும். விரல் வெளுத்து மரத்திருந்தால் நம் தைலம் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள், நெருப்பிலும் காட்டாதீர்கள். மறுபடி உறைய வழியில்லாத இடத்துக்கு வந்தபின் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி வைத்து, துணி சுற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.