வளைகுடா பயணமா? பெட்டி கட்டும்போதே கவனிக்க வேண்டியவை

கதிர்காமத்துக்குப் பக்கத்திலேயே லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருக்கிறது. 2024 டிசம்பரிலிருந்து அங்கிருந்து பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் இண்டிகோ பறக்கத் தொடங்கியது. ஆனால் உம்ராவுக்கோ, துபாயில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கவோ போகும் நம்மவர்களில் பெரும்பாலோர் இன்றும் சென்னை மீனம்பாக்கத்துக்குத்தான் போகிறார்கள். திண்டிவனம் வழியாக மூன்று மணி நேரம். அவ்வளவு தூரம் போய்க் கவுன்டரில் திருப்பி அனுப்பப்பட்டால் டிக்கெட் காசும் போச்சு, மனசும் நொந்து போகும். அப்படி நிற்க வைக்கும் காரணங்களில் பல நம் வீட்டிலேயே உண்டாகிறவை.

முதலில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர். நம்மில் பலருக்கு ஒரே பெயர்தான். தந்தையின் பெயர் இனிஷியலோடு நின்றுவிடும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், இப்படி ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு விசிட், சுற்றுலா விசாவில் அனுமதியில்லை என்று அறிவித்தது. அங்கே வசிப்பிட விசா உள்ளவர்கள் இரண்டு கட்டங்களிலும் அதே பெயரைப் பதிந்துகொண்டால் போதும் என்றார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் பெரியவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். பெயரைத் திருத்த, பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்ய விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு நாளாகும். ஆகவே டிக்கெட் போடும் முன்பே பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். காலாவதிக்கு ஆறு மாதமாவது மீதம் இருக்கிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

நமக்கு ஈ.சி.ஆர். என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை. பாஸ்போர்ட்டில் அந்த மூன்றெழுத்துக்குப் பொருளே வேறு. பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குப் பெரும்பாலும் இந்த வகை பாஸ்போர்ட்தான் கிடைக்கும். அவர்கள் சவூதி, கத்தார், குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, இ-மைகிரேட் வழியாகக் குடிபெயர்வு அனுமதி வாங்கியிருக்க வேண்டும். "விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது கசகசா. பிரியாணிக்கும் குருமாவுக்கும் நாம் சாதாரணமாகச் சேர்ப்பது. சவூதியிலும் அமீரகத்திலும் அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் வழக்குதான். மகனுக்கு ஆசையாகக் கொண்டு போகும் மசாலா அவனையே காவல் நிலையத்தில் நிறுத்திவிடக்கூடாது. கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் செக்-இன் பெட்டியில் வைக்கக்கூடாது.

மருந்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். டிரமடால், கோடீன், பிரீகாபலின் போன்றவை வளைகுடாவில் கட்டுப்பாட்டில் உள்ளவை. நரம்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் சாப்பிடுகிற மாத்திரையில் இவை இருக்கலாம். கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரியில் காட்டுகிறவராக இருந்தாலும் தனியார் டாக்டரிடம் போகிறவராக இருந்தாலும், மருந்தின் பொதுப்பெயரை ஆங்கிலத்தில் எழுதிய சீட்டை வாங்கி, போகும் நாட்டில் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரைகள் அட்டையோடு இருக்கட்டும். டப்பாவில் கொட்டி எடுத்துப் போக வேண்டாம்.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். உம்ராவில் முடி குறைக்க வைத்திருக்கும் கத்தரி செக்-இன் பெட்டிக்குள் போகட்டும். திரவங்கள் கைப்பையில் 100 மி.லி.க்கு மேல் கூடாது. அத்தர் குப்பிக்கும் இதுதான் விதி. பர்தா அணிந்த பெண்களைத் திரைக்குள் பெண் காவலரே சோதிப்பார், தயங்க வேண்டியதில்லை.

திரும்பும்போது ஜம்ஜம் தண்ணீர். அதைப் பாட்டில்களில் ஊற்றி, துணிகளுக்கிடையே பெட்டிக்குள் வைப்பதற்கு 2022இல் சவூதி விமானப் போக்குவரத்து ஆணையம் தடை போட்டது. அட்டைப்பெட்டியில் அடைத்த 5 லிட்டர் கேனைத் தனியாகக் கொடுக்க வேண்டும். உங்கள் விமான நிறுவனம் அதை இலவசமாக ஏற்குமா என்று முன்பே விசாரியுங்கள்.

இன்னொன்று, சங்கடமான விஷயம். புறப்படும் முந்தின நாள் தெருவில் யாராவது ஒரு பார்சலோடு வருவார்கள்: "எங்க பையனிடம் கொடுத்துடுங்க." மறுப்பது கஷ்டம். ஆனால் பெட்டி உங்கள் பெயரில் போகிறது. உள்ளே இருப்பதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் முன்னாலேயே பிரித்துப் பார்த்து, நீங்களே திரும்பக் கட்டுங்கள். பிரிக்க வேண்டாம் என்றால் அதை வாங்கவே வேண்டாம்.