கொள்ளுத்தாத்தாவைத் தேடி: நேட்டால் கப்பல் பதிவேடுகள்

1860 முதல் 1911 வரை சுமார் 1,52,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக, இன்றைய தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்கு வந்தனர். சென்னையில் புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற முதல் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது.

வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பதிவேட்டில் அந்த எண்ணை அடுத்துப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை ஒரே வரியில் காணலாம்.

முன்னோரைத் தேடுவோரே, வீட்டிலுள்ள பழைய பிறப்பு, திருமணச் சான்றுகளில் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள். பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே ஆள் இரு ஏடுகளில் இரு விதமாக இருப்பார். எண் அப்படி மாறாது.

கூலி என்று எண்ணிடப்பட்டவருக்கும் ஊர் இருந்தது, தகப்பன் இருந்தார். கொள்ளுப்பேரப்பிள்ளைகள் அதை அறிந்து சொல்வதே அவருக்குச் செய்யும் மரியாதை.