வீட்டு அறையில் கோல்ஃப் சிமுலேட்டர்: நாற்பது மில்லி செகண்ட் கணக்கு

கோல்ஃப் சிமுலேட்டர் பந்து பறப்பதைப் பார்ப்பதே இல்லை. இந்த ஒரு விஷயம் புரிஞ்சுட்டா போதும். அறையில எதை எங்கே வைக்கணும், எதுக்குக் காசு போடணும், எதை விட்டுடலாம் என்பதெல்லாம் தானா தெளிவாகிடும்.

கணக்கைப் பாருங்க. ஓரளவு நல்லா ஆடும் ஒருத்தர் டிரைவரால் அடிச்சா பந்து விநாடிக்கு சுமார் 60 மீட்டர் வேகத்தில் கிளம்பும், அதாவது மணிக்கு 216 கி.மீ. பந்து வைக்கிற இடத்திலிருந்து திரை 8 அடி தூரம்னு வெச்சுக்குவோம். அந்த 8 அடியைக் கடக்க அதுக்கு ஆகும் நேரம் 40 மில்லி செகண்ட். நாம கண் சிமிட்டுறதே அதைவிட மெதுவா. அதுக்கப்புறம் பந்து துணியில மோதி கீழே விழுந்துடுது. திரையில மரங்களுக்கு மேல பறந்து புல்வெளியில இறங்குதே, அது முழுக்க அந்த 40 மில்லி செகண்டை வெச்சு கம்ப்யூட்டர் போடுற கணக்கு.

இதை நான் நோண்ட ஆரம்பிச்சதுக்குக் காரணம் என் அக்கா பொண்ணு. 2021 ஆகஸ்ட்ல டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அதிதி அசோக் ஆடினப்போ அவளுக்கு ஒன்பது வயசு. அதிதிக்கு நாலாவது இடம். வெள்ளிக்கான பிளேஆஃபுக்கு ஒரே ஒரு ஸ்ட்ரோக் குறைவு. அன்னிக்குக் காலையில டி.வி. முன்னாடி உக்காந்தவ, "மாமா, இதை எங்க கத்துக்கலாம்?"னு கேட்டா. நேர்மையான பதில், கள்ளக்குறிச்சியில எங்கேயும் இல்ல. சென்னையில நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப், கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள்ள ஜிம்கானா கிளப். அந்தக் கிண்டி நிலத்தோட குத்தகையையும் அரசு 2024 செப்டம்பரில் ரத்து செஞ்சுடுச்சு. மத்தபடி ஊட்டி, கொடைக்கானல், கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையம். எதுக்குப் போனாலும் அரை நாள் பயணம், போய்ச் சேர்ந்தா மெம்பர்ஷிப் கேள்வி. 18 குழி உள்ள கோர்ஸுக்கு 100 ஏக்கருக்கு மேல வேணும். கோமுகி அணைத் தண்ணியை நம்பி நெல்லும் கரும்பும் போடுற ஊர்ல 100 ஏக்கர் புல்லுக்குத் தண்ணி கேட்க யாருக்கும் வாய் வராது. எனக்கும்தான். ஆனா மாடியில நெல் மூட்டை அடுக்குற அறை ஒண்ணு வருஷத்துல பாதி நாள் காலியா கிடக்கு.

சரி, கணக்குக்கு வருவோம். அந்த 40 மில்லி செகண்டில் என்னென்ன அளக்கணும்? பந்தின் வேகம், மேல்நோக்கிய கோணம், இடது வலது திசை, சுழற்சியின் வேகம், அந்தச் சுழற்சியின் அச்சு எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு என்பது. இந்த ஐந்தும் கிடைச்சா மிச்சமெல்லாம் இயற்பியல்.

இதுல சுழற்சியைத்தான் பலரும் கணக்கில் எடுக்க மறக்குறாங்க. காற்றே இல்லாத உலகத்துல விநாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் 11 டிகிரி கோணத்தில் ஒரு பந்தை அடிச்சா, பள்ளிக்கூடத்து எறிபொருள் சூத்திரப்படி அது 137 மீட்டர் போய் விழும். காற்று இருந்தா தடை இருக்கும், தூரம் குறையும்னுதானே நினைப்போம்? நிஜத்துல அதே பந்து ஏறக்குறைய 180 மீட்டர் போகும். காரணம், கிளப்பின் சாய்ந்த முகம் பந்தைப் பின்பக்கமா சுழல விட்டுடுது. சுழலும் பந்து காற்றைக் கீழே தள்ளுது, காற்று பந்தை மேலே தூக்குது. எடின்பரோவில் இயற்பியல் பேராசிரியரா இருந்த பி.ஜி. டெய்ட் 1890களிலேயே இதை எழுதிட்டார். அவர் மகன் ஃப்ரெடி டெய்ட் 1896லயும் 1898லயும் பிரிட்டிஷ் அமெச்சூர் சாம்பியன். வீட்டுலயே சோதனை எலி! பந்து மேல இருக்கிற குழிகளும் சும்மா அழகுக்கு இல்ல. வழவழப்பான பந்தோட ஒப்பிட்டா காற்றுத்தடையை அவை ஏறக்குறைய பாதியாக்குது.

ஆக, சுழற்சியை அளக்காத கருவி காட்டுற தூரம் வெறும் ஊகம்தான். சுழற்சியை எப்படி அளக்குறது? டிரைவர் அடியில பந்து நிமிஷத்துக்கு சுமார் 2,700 சுற்று, அதாவது விநாடிக்கு 45 சுற்று. 40 மில்லி செகண்டுக்குள்ள ரெண்டு சுற்று கூட முழுசா முடியாது. செல்போன் கேமராவில் விநாடிக்கு 60 படம் எடுத்தா, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல பந்து ஒரு மீட்டர் தாண்டிடும். கோடு மாதிரிதான் தெரியும்.

இதுக்கான வித்தை பழசு. எம்.ஐ.டி.யில் ஹரால்ட் எட்ஜர்டன் 1930களிலேயே ஸ்ட்ரோப் விளக்கு வெச்சு கோல்ஃப் வீச்சைப் படம் எடுத்தார். அறை இருட்டு, ஷட்டர் திறந்தே இருக்கு, விளக்கு மட்டும் வெட்டி வெட்டி எரியுது. ஒரே படத்துல கிளப் விசிறி மாதிரி விரிஞ்சு பதிவாகும். அதையே இங்க செய்யலாம். ஸ்ட்ரோப் ஒரு மில்லி செகண்டுக்கு ஒரு தடவை எரிஞ்சா, ரெண்டு வெட்டுக்கு நடுவுல பந்து 60 மி.மீ. நகரும். பந்தின் குறுக்களவு 42.67 மி.மீ., அதனால பிம்பங்கள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது. அதே இடைவெளியில பந்து 16 டிகிரி சுழலும். பந்து மேல மார்க்கரால ரெண்டு கோடு போட்டிருந்தா அந்த 16 டிகிரியைப் படத்துல அளந்துடலாம்.

இந்த வழியில இயங்குற திறந்த மூல வடிவமைப்பு ஒண்ணு இருக்கு, பேர் பைட்ராக். ராஸ்பெர்ரி பை போர்டு, குளோபல் ஷட்டர் கேமரா, அகச்சிவப்பு ஸ்ட்ரோப், அவ்வளவுதான். அந்தக் கேமரா 2023ல் வந்தப்போ விலை 50 டாலர். தொழில்முறை ஆட்டக்காரர்கள் வெச்சிருக்கிற டென்மார்க் கருவி டிராக்மேன் 20,000 டாலருக்கு மேல. நடுவுல கார்மின் ஆர்10 மாதிரி 600 டாலர் ரேடார்களும் உண்டு. சாலிடரிங் கைவந்தா பைட்ராக், வரலைன்னா கடைக் கருவி. நான் முதலாவதை எடுத்தேன். பொழுதும் போச்சு.

ரேடாரா கேமராவா என்பதை முடிவு செய்யுறது பணத்தை விட அறையோட நீளம்தான். ரேடார் பந்துக்குப் பின்னாடி 6லிருந்து 8 அடி தள்ளி உக்காரணும், முன்னாடி பந்து பறக்க 8 அடியாவது வேணும். எங்க அறை 16 அடி நீளம், 11 அடி அகலம். திரைக்குப் பின்னாடி ஒரு அடி, திரையிலிருந்து பந்துக்கு 8 அடி, மிச்சம் 7 அடி. ரேடாரைச் சுவத்துல ஒட்டித்தான் வைக்கணும். பக்கவாட்டுல வைக்கிற கேமராவுக்கு இந்தப் பிரச்சினை இல்ல.

உயரத்துக்கு வருவோம். நம்ம ஊர் வீடுகளில் தளம் பொதுவா 10 அடி. அது போதும். எமன் யாருன்னா சீலிங் ஃபேன். டவுன் ராடோட சேர்த்து றெக்கை 9 அடிக்கும் கீழ வந்துடும். டிரைவர் 45 அங்குல நீளம், பெரியவங்க கை தூக்கினா அது எங்க போய் நிக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. ஃபேனைக் கழட்டிட்டு, அடிக்கிறவருக்குப் பின்பக்கச் சுவத்துல வால் ஃபேன் மாட்டுங்க. லாஃப்ட் இருக்கிற பக்கம் நிக்க வேண்டாம். எதுவும் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ஒட்டடைக் கம்பை 45 அங்குலத்துக்கு வெட்டி, மெதுவா எல்லாப் பக்கமும் வீசிப் பாருங்க. கம்பு எங்கேயும் படலைன்னா அறை தேறும்.

அடுத்தது பாதுகாப்பு. நான் அதிக நேரம் செலவழிச்சது இதுலதான், ஏன்னா ஆடப்போறது வீட்டுப் பிள்ளை. பந்து எடை 46 கிராமுக்குள்ளதான். ஆனா சின்னதா, கெட்டியா, கிரிக்கெட் வேகப்பந்தைவிட வேகமா வரும். திரையை முரசுத் தோல் மாதிரி இழுத்துக் கட்டினா பந்து அதே வழியில திரும்பி முகத்துக்கு வரும். தொளதொளன்னு விட்டா துணி வேகத்தை வாங்கிக்கும். திரைக்குப் பின்னாடி நான் தொங்கவிட்டது ரெண்டு பழைய ஜமக்காளமும், ரைஸ் மில்லில் வாங்கின சணல் சாக்குகளும். கள்ளக்குறிச்சியில சாக்குக்குப் பஞ்சமே இல்ல. தார்ப்பாய் வேண்டாம், பட்டாசு மாதிரி சத்தம். கீழ் அறையில அம்மா தூங்கணும். ஜி.ஐ. பைப் சட்டத்துல பந்து பட்டா நேரா திரும்பும், அதனால ஏ.சி. மெக்கானிக்குகள் செப்புக் குழாய்க்குச் சுத்துற கருப்பு ஃபோம் குழாயைப் பைப் முழுக்க மாட்டினேன். கத்துக்கிற புதுசுல பந்து கிளப்பின் கழுத்துல பட்டு கிட்டத்தட்ட செங்கோணத்துல வலதுபக்கம் தெறிக்கும். ஆகவே பக்கவலை கட்டாயம். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லாம ஒரு பந்து கூட அடிக்கக் கூடாது.

மேட்டுக்கும் கொஞ்சம் செலவழிங்க. சிமெண்டுத் தரை மேல மெல்லிசா பச்சைக் கம்பளம் போட்டு நூறு பந்து அடிச்சா முழங்கை பேசும். வளரும் பிள்ளைக்கு அது நல்லதில்ல. ஒட்டுப்பலகை மேடை, அதுமேல ரப்பர், அதுமேல தடிச்ச செயற்கைப்புல். மேடைக்கு ஊர்த் தச்சரையே பிடிச்சேன். (கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்ச ஊர் இது. அவரும் ஓரத்துல ஒரு கொடி செதுக்கட்டுமான்னு கேட்டார். வேண்டாம்னுட்டேன், இப்ப செதுக்கியிருக்கலாமோன்னு தோணுது.)

புரொஜெக்டர் கடைசி. எல்லாரும் அதைத்தான் முதல்ல கேக்குறாங்க. படத்தோட அகலத்தை த்ரோ விகிதத்தால பெருக்கினா எவ்வளவு தள்ளி வைக்கணும்னு வரும். சாதாரண 1.5 விகிதப் புரொஜெக்டருக்கு 8 அடி அகலப் படம் வேணும்னா 12 அடி தள்ளி, அதாவது ஆடுறவ முதுகுக்குப் பின்னாடி. அவ நிழல்தான் திரையில ஆடும். 0.5 விகிதம்னா 4 அடி போதும், ஆனா விலை ஏறும். நாங்க முதல் ஆறு மாசம் பழைய டி.வி.யைப் பக்கத்துல வெச்சு எண்களை மட்டும் பார்த்தோம். கத்துக்க அதுவே போதும். படம் சந்தோஷத்துக்கு.

மென்பொருளில் கடல்மட்ட உயரமும் வெப்பநிலையும் கேக்கும். இதை யாரும் தொடறதில்ல, எனக்குப் பிடிச்சதே இதுதான். கல்வராயன் மலையில 900 மீட்டர் உயரத்துல காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட 8 சதவீதத்துக்கு மேல குறைவு. பந்து 3 சதவீதம் போலக் கூடுதலா போகும். அதே 8 சதவீதம், 15 டிகிரி காற்று 40 டிகிரியா சூடானாலும் குறையும். அதாவது மே மாசம் மத்தியானம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் காற்றும், குளுகுளுன்னு இருக்கிற மலைக் காற்றும், பந்துக்கு ஏறக்குறைய ஒண்ணு. ஊட்டியில 2,200 மீட்டருக்கு 8 சதவீதம் வரை தூரம் கூடும். அங்க போட்டி ஆடப் போற பிள்ளை அந்த உயரத்தை வெச்சு இங்கயே பழகிக்கலாம்.

இதுல ஆடி நிஜ ஆட்டக்காரர் ஆக முடியுமா? தென்கொரியாவில் நிலம் கம்மி, ஸ்கிரீன் கோல்ஃப் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. 2000ல் தொடங்கின கோல்ஃப்சோன் அங்கதான் வளர்ந்தது. ஸ்கிரீன் கோல்ஃப்ல பேர் வாங்கின கிம் ஹோங்-டேக் 2017ல் கொரியத் தொழில்முறைப் போட்டியிலயும் ஜெயிச்சார். ஆக முடியவே முடியாதுன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா ஒரு எல்லை இருக்கு. பந்து காத்துல இருக்கிறவரைதான் கணக்கு. தரையில உருள ஆரம்பிச்சா புல்லோட போக்கு, ஈரம், சரிவுன்னு ஆயிரம் விஷயம். பார் 72 கோர்ஸில் 36 ஸ்ட்ரோக், சரிபாதி, புட்டிங்குக்குன்னே ஒதுக்கினது. டைகர் வுட்ஸும் ரோரி மெக்கிலராயும் சேர்ந்து 2025 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் தொடங்கின டி.ஜி.எல். போட்டியில கட்டடம் உயரத்துக்குத் திரை வெச்சிருக்காங்க. அவங்களே குழிக்குப் பக்கத்து ஆட்டத்துக்கு அரங்குக்குள்ள நிஜத் தரை போட்டுட்டாங்க. அத்தனை பணம் இருந்தும் அந்தப் பாதியைத் திரையில விடலை. டோக்கியோவில் அதிதி மத்தவங்களைவிடத் தூரம் அடிக்கலை. புட்டிங்கில்தான் ஈடு கொடுத்தார். அக்கா பொண்ணு ஆசைப்பட்டது எதைப் பார்த்தோ, அதை என் அறை சொல்லிக்கொடுக்காது.

அதனால சாயங்காலம் அவ களத்துக்குப் போறா. நெல் காயவைக்கிற சிமெண்டுக் களம் மட்டமாத்தான் தெரியும், ஆனா மழைத்தண்ணி ஓட ஒரு பக்கம் லேசா சரிச்சுத்தான் போட்டிருப்பாங்க. அதுமேல கம்பளத்தை விரிச்சு, ஒரு டம்ளரைப் படுக்க வெச்சு, சரிவுக்குக் குறுக்கே 10 அடியிலிருந்து தட்டுறா. கம்பளத்தைத் திருப்பிப் போட்டா சரிவு மறுபக்கம். அறுவடை நாளுல மட்டும் களம் கிடைக்காது. அன்னிக்கு மாடி அறையும் மூட்டைகளுக்குத்தான்.

(அறையோட எண்களைச் சரிபார்க்க ஒரு வழி: அறுவடை முடிஞ்ச ஈர வயல், யாரும் வேலை செய்யாத நேரம், 7-அயர்ன், இருபது பந்து. விழுந்த தடம் மண்ணுல பதியும். ரொம்ப நீளமான ரெண்டையும் ரொம்பக் குட்டையான ரெண்டையும் தள்ளிட்டு, மிச்சத்தை நிலம் அளக்குற டேப்பால அளந்து, அதே கிளப்புக்கு அறை சொன்ன சராசரியோட வெச்சுப் பாருங்க. வித்தியாசம் எப்பவும் ஒரே பக்கமா இருந்தா கேமராவின் கோணத்தைத் திருத்தணும். முன்னும் பின்னுமா சிதறினா பந்து மேல போட்ட மார்க்கர் கோடு அழிஞ்சிருக்கான்னு பாருங்க.)