குச்சியும் விரலும்

குச்சி ஐஸ் தின்று முடித்தபின் கையில் எஞ்சுவது வழவழப்பான ஒரு சிறு மரத்துண்டு. ஏறத்தாழ 11 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலம், 2 மி.மீ. கனம். அதைத் தெருவோரம் எறிந்துவிட்டு நடப்பது நம் வழக்கம். அதே குச்சியை இன்று எழுதுபொருட் கடைகளில் கட்டுக்கட்டாக விலைக்கு விற்கிறார்கள். அது ஐந்து வயதுக் குழந்தையின் விரலுக்கு என்ன நன்மை செய்யும் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

‘இது எங்களுக்கு எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். உங்களுள் பலருக்கு வீட்டில் தம்பி தங்கையர் உண்டு. மாலையில் அவர்களை உட்காரவைத்து எழுதப் பழக்கும் பொறுப்பு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழுகிறது. எழுத்துக் கோணினால் குட்டு வைப்பவரும் நீங்கள்தாம்! அந்தக் குட்டு நியாயமானதா என்று முதலில் பார்ப்போம்.

இடக்கையால் உங்கள் வலக்கையை முழங்கைக்குச் சற்றுக் கீழே பற்றிக்கொண்டு, வலக்கை விரல்களை மடக்கி நீட்டுங்கள். உள்ளே ஏதோ நெளிவது தெரிகிறதன்றோ? விரலை அசைக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. நீண்ட நாண்கள் மணிக்கட்டைக் கடந்து சென்று, பொம்மலாட்டக் கயிறுபோல் விரல்களை இழுக்கின்றன. உள்ளங்கையில் உள்ள சிறு தசைகளோ, பென்சிலின் முனையை இம்மியளவு நகர்த்தும் நுட்பமான வேலையைச் செய்கின்றன. இவ்விரண்டும் ஒத்து இயங்கும் ஆற்றலையே நுண்ணியக்கத் திறன் என்கிறோம்.

ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. அவற்றுள் 8 மணிக்கட்டைச் சேர்ந்தவை. பிறந்த குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் இந்த எட்டும் தென்படா; அப்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக அவை எலும்பாகின்றன. கடைசி ஒன்று தோன்றுவதற்கு ஏறக்குறைய பத்து வயதாகிவிடும். தசையும் நரம்பும் அவ்வாறே படிப்படியாகத்தான் முதிர்கின்றன. ஒன்பது பத்து மாதத்தில் குழந்தை கீழே கிடக்கும் அரிசியைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பொறுக்குகிறது. ஒன்றரை வயதில் வண்ணக்கோலை முட்டியாகப் பிடித்துக் கிறுக்குகிறது. மூன்று விரலால் பென்சிலைச் செவ்வையாகப் பிடிப்பது பெரும்பாலும் நான்கு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில்தான் கைகூடுகிறது. அப்படியிருக்க, மூன்று வயதுக் குழந்தைக்கு நான்கு கோட்டு நோட்டைக் கொடுத்துப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வது, பல் முளைக்காத வாயில் முறுக்கைத் திணிப்பது போன்றதே.

நான் தலைமையாசிரியராக இருந்தபோது முதல் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். எழுத்துகளையெல்லாம் பிழையின்றிச் சொல்வான். எழுதினால் மட்டும் பென்சில் முனை முறியும், தாள் கிழியும். சோம்பேறி என்று வகுப்பில் பெயர் வாங்கிவிட்டான். ஒரு நாள் நண்பகலில் அவனைக் கவனித்தேன். உணவு டப்பாவின் மூடியைத் திறக்க மாட்டாமல் பக்கத்துப் பையனிடம் நீட்டினான். சட்டைப் பொத்தானையும் அவனால் போட முடியவில்லை. குறை மனத்தில் அன்று, விரலில் என்பது அப்போது விளங்கிற்று. அன்றுமுதல் எழுத்துப் பாடத்திற்கு முன் பத்து நிமிடம் குச்சி விளையாட்டு. மூன்று மாதத்தில் அவன் எழுத்து கோட்டின்மேல் நிற்கத் தொடங்கியது. எல்லாம் குச்சியால் விளைந்தது என்று நான் சொல்லமாட்டேன். மூன்று மாத வளர்ச்சிக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் சோம்பேறி என்ற பெயர் அவனை விட்டு நீங்கியது.

குச்சியைக் கல்விக் கருவியாக்கியது புதிய வழக்கமன்று. 1837-இல் ஜெர்மனியில் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறுவர்க்கெனப் பள்ளி தொடங்கி, பின்னர் அதற்குக் ‘கிண்டர்கார்ட்டன்’ என்று பெயர் சூட்டிய ஃபிரோபெல், மேசைமேல் குச்சிகளை அடுக்கி உருவம் அமைப்பதை முறையான பயிற்சியாகவே வகுத்தார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் மர உருளைகளில் சிறிய குமிழ்கள் இருக்கும். பென்சில் பிடிக்கும் அதே மூன்று விரலால்தான் அவற்றைத் தூக்க முடியும். எழுதத் தொடங்குமுன்பே கை எழுத்துக்கு ஆயத்தமாகிவிடுகிறது.

இனி, குச்சியைக் கொண்டு என்ன செய்வது? எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, பத்துக் குச்சியைச் சேர்த்து ரப்பர் வளையம் மாட்டுவது. பார்க்க எளிது, ஒரு கை குச்சிகளைச் சிதறாமல் பிடிக்க, மற்றக் கை வளையத்தை விரல்களால் அகட்டி விரிக்கவேண்டும். மற்ற வேலைகளெல்லாம் விரலை மடக்கும் தசைக்கே பயிற்சி தருகின்றன. இதுவோ விரிக்கும் தசைக்கும் தருகிறது. இரண்டு கையும் இரண்டு வெவ்வேறு வேலையைச் செய்யப் பழகுகின்றன. கணக்கும் உடன் வருகிறது. 34 என்றால் மூன்று கட்டு, நான்கு உதிரி. அதில் 8-ஐக் கழிக்கவேண்டுமானால் உதிரி போதாது. ஒரு கட்டை அவிழ்த்தே ஆகவேண்டும். பதினான்கு உதிரியில் எட்டுப் போக ஆறு. மிச்சம் இரண்டு கட்டு, ஆறு உதிரி. கரும்பலகையில் ‘கடன் வாங்குதல்’ என்று நாம் சொல்லும் மாயம் குழந்தைக்குக் கையாலேயே விளங்கிவிடுகிறது.

எழுத்துகளையும் அடுக்கலாம். இரண்டு குச்சியில் ட. அதன் வலப்புறம் இன்னொன்றை நிறுத்தினால் ப. தலைமேல் ஒரு புளியங்கொட்டையை வைத்தால் மெய்யெழுத்து! ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் 15 நேர்கோடுகளாலேயே ஆனவை. நம் எழுத்துகளோ வளைந்து சுழல்பவை. ஓலை கிழியாமல் எழுதியதால் வந்த வளைவு என்பர். அ, இ போன்றவற்றைக் குச்சியில் அமைக்க முயன்று குழந்தையை வருத்தவேண்டா. அவற்றுக்குக் கயிறோ பிசைந்த மாவோ போதும்.

பணம் செலவழிக்க இயலாத வீட்டில் துடைப்பத்து ஈர்க்கு இருக்கிறது. இரவில் ஊறிய கொண்டைக்கடலையில் ஈர்க்குத் துண்டுகளைச் செருகி முக்கோணமும் சதுரமும் செய்யச் சொல்லுங்கள். சதுரம் தொட்டால் சாயும், முக்கோணம் சாயாது. கடலை உலர்ந்ததும் மூட்டு இறுகிவிடும். இதே வேலையை 1899-இல் அமெரிக்காவில் ஒரு நான்கு வயதுச் சிறுவன் பட்டாணியும் பல்குத்தும் குச்சியும் கொண்டு செய்தான். கண்பார்வை குறைந்த அவன் விரலால் தடவித் தடவியே முக்கோணத்தின் உறுதியை உணர்ந்தான். அவனே பின்னாளில் பக்மின்ஸ்டர் புல்லர் என்னும் வடிவமைப்பாளன். 1967-இல் மான்ட்ரியல் கண்காட்சிக்காக அவர் அமைத்த, 76 மீட்டர் குறுக்களவுள்ள கோளத்தின் எஃகுச் சட்டம் இன்றும் நிற்கிறது. அதுவும் முக்கோணங்களின் பின்னலே.

2010-இல் கிரிஸ்மர் என்பவரும் அவர் தோழர்களும் வெளியிட்ட ஆய்வில், பள்ளியில் சேரும்போது விரல்திறன் மிக்க குழந்தைகள் பின்னர்ப் படிப்பிலும் முன்னிற்கக் கண்டனர். இதைக் கேட்டு, குச்சி அடுக்கினால் முதல் மதிப்பெண் வரும் என்று எவரும் விளம்பரம் செய்துவிடக் கூடாது. இரண்டு சேர்ந்து காணப்படுவது வேறு. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாவது வேறு. ஏழு வயதாகியும் பொத்தான் போடவே இயலாத குழந்தையைக் குச்சியோடு நிறுத்தாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டவேண்டும்.

தின்ற குச்சியானால் வெந்நீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள். சிலாம்பு இருந்தால் உப்புத்தாளில் தேயுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை அருகில் இருந்தால் ரப்பர் வளையமும் கடலையும் புளியங்கொட்டையும் கைக்கெட்டாமல் இருக்கட்டும். அவை நேரே வாய்க்குத்தான் போகும்.

எட்டு வயதானவர்களுக்கு வளையல் செய்யக் கற்றுக்கொடுக்கலாம். குச்சிகளை நீரில் அரைமணி நேரம் கொதிக்கவைக்கவேண்டும். அடுப்பு வேலை பெரியவர்களுடையது. மரநாரைப் பிணைக்கும் லிக்னின் என்னும் பொருள் சூட்டிலும் ஈரத்திலும் இளகுவதால் குச்சி வளையும். கைபொறுக்கும் சூட்டில் எடுத்து, மெல்ல மெல்ல வளைத்து, ஒரு தம்ளருக்குள் ஒட்டினாற்போல் பொருத்தி வைத்துவிட்டால் மறுநாள் அந்த வளைவு நிலைத்திருக்கும். பத்தில் இரண்டு மூன்று ஒடியத்தான் செய்யும். ஒடிந்த இடத்தைக் குழந்தையிடம் காட்டுங்கள். நார் நீளவாக்கில் ஓடாமல் குறுக்கே ஓடியிருப்பது தெரியும். அடுத்த முறை குச்சியைப் பொறுக்கும்போது அது நார் ஓட்டத்தைப் பார்த்துப் பொறுக்கும்.