பால் பற்கள் தந்த சாட்சி

குழந்தையின் உடலில் காரீயம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை விழுந்த பால் பல்லே காட்டிக்கொடுக்கும். அதை ஆதாரமாக்கிப் போராடியவர், அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மேன்.

காரீயம் ரத்தத்தில் நீண்ட நாள் நிற்பதில்லை. பல்லிலும் எலும்பிலும் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். எனவே பாஸ்டன் நகரை ஒட்டிய பள்ளிப் பிள்ளைகளின் பற்களைச் சேகரித்து ஆராய்ந்தார். 1979-ல் முடிவு வெளியானது. நோய் அறிகுறி இல்லாத பிள்ளைகளிடமும், பல்லில் காரீயம் மிகுந்திருந்தால் அறிவுத்திறனும் கவனமும் குறைந்திருந்தன.

காரீயத் தொழில் தரப்புக்குச் சாட்சி சொன்ன நிபுணர்கள் அவர் ஆய்வில் முறைகேடு என்றார்கள். அது குறித்த விசாரணையைப் பகிரங்கமாக நடத்தச் சொன்னார் நீடில்மேன். முறைகேடு ஏதும் இல்லை எனத் தீர்ப்பானது.

இத்தகைய ஆய்வுகளின் உந்துதலால், அமெரிக்காவில் சாலை வாகனங்களுக்குக் காரீயம் கலந்த பெட்ரோல் 1996-ல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. பிள்ளைகளின் ரத்தத்தில் காரீயம் வெகுவாகக் குறைந்தது. 2017-ல் நீடில்மேன் மறைந்தார்.

காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. காரீயம் கலந்த பழைய பெயின்ட் உதிரும் சுவர், ஜன்னல் பக்கம் குழந்தைகளை விளையாட விடாதீர்கள். சாப்பிடுமுன் கை கழுவப் பழக்குங்கள்.